அண்ணன் அமிகா வாங்கினது சரியா? 1993ல ஸ்பெக்ட்ரம்காரங்க முன்னாடி இருந்த வழிகள்

இங்கிலாந்துல லெஸ்டர்ல டாக்டரா இருந்து ரிட்டயர் ஆன பெரியப்பா போன வருஷம் வீட்ட மாத்தினப்ப பரண்ல இருந்து ஒரு அட்டைப்பெட்டி இறங்குச்சு. அவர் பையன், அதாவது என் அண்ணன், அத தூக்கிப் போட மனசு வராம, சென்னை வர்றப்ப லக்கேஜோட லக்கேஜா கொண்டு வந்து என் தலைல கட்டிட்டு போயிட்டாரு, "நீதான்டா இந்த மாதிரி குப்பையெல்லாம் சேக்குறவன்"னு. உள்ள ஸ்பெக்ட்ரம் பிளஸ் டூங்கற எண்பதுகளோட சாம்பல் கலர் பிரிட்டிஷ் ஹோம் கம்ப்யூட்டர் ஒண்ணு, கேசட் ஒரு முப்பது, ஈரம் பட்டு ஓரம் சுருண்டு போன பத்திரிகை ஒரு கட்டு. கட்டுக்கு மேல இருந்தது ஸ்பெக்ட்ரத்துக்குன்னே வந்த யுவர் சின்க்ளேர் பத்திரிகையோட 93வது இதழ், 1993 செப்டம்பர். அதுதான் அந்த பத்திரிகையோட கடைசி இதழ். அதுக்குள்ள செருகி வெச்சிருந்த ஒரு கூப்பன், ஏதோ ஒரு பழைய இதழ்ல இருந்து கத்தரிச்சது, பேர் அட்ரஸ் எல்லாம் அண்ணன் கையெழுத்துல எழுதியிருக்கு, ஆனா போஸ்ட் பண்ணவே இல்ல. ஃபார்மட்னு ஒரு சின்ன பத்திரிகைக்கு சந்தா கட்டுற கூப்பன்.

அன்னிக்கு ராத்திரி ஃபோன்ல கேட்டேன், பத்திரிகை நின்னதுக்கப்புறம் என்ன பண்ணீங்கன்னு. "வேற என்ன பண்றது, எல்லாரும் அமிகா வாங்கினாங்க, நானும் அப்பாகிட்ட அழுது வாங்கினேன்"னாரு. அமிகாங்கறது கொமோடோர் கம்பெனியோட அடுத்த தலைமுறை கம்ப்யூட்டர். அது தப்பான முடிவுன்னு நான் சொல்ல, அவர் சிரிக்க, அது அப்படியே முக்கா மணி நேரம் சண்டையா ஓடுச்சு. அந்த சண்டையத்தான் இங்க கொஞ்சம் பொறுமையா எழுதுறேன். 1993 செப்டம்பர்ல ஒருத்தர் கைல ஸ்பெக்ட்ரம் இருக்கு, மாசாமாசம் வந்த பத்திரிகை இனிமே வராது, அவர் முன்னாடி என்னென்ன வழி இருந்துச்சு, எது யாருக்கு சரி.

முதல்ல பின்னணி கொஞ்சம். ஸ்பெக்ட்ரம் 1982 ஏப்ரல்ல வந்த மெஷின், 16கே மெமரி இருக்கறது 125 பவுண்டு, 48கே இருக்கறது 175 பவுண்டு. ரப்பர் கீ, டிவில சொருகணும், டேப் ரெக்கார்டர்ல இருந்து புரோகிராம் ஏத்தணும், ஒரு கேம் ஏற அஞ்சு நிமிஷம் கீச்சு கீச்சுன்னு கத்தும், கடைசி நொடில "டேப் லோடிங் எரர்"னு வந்தா மறுபடி முதல்ல இருந்து. இருந்தும் 50 லட்சத்துக்கு மேல வித்துச்சு. 1986ல ஆம்ஸ்ட்ராட் கம்பெனி, ஸ்பெக்ட்ரத்த செஞ்ச சின்க்ளேரோட கம்ப்யூட்டர் பிசினஸ 50 லட்சம் பவுண்டுக்கு வாங்கி, டேப் ரெக்கார்டர உள்ளயே வெச்சு பிளஸ் டூ, டிஸ்க் டிரைவ் வெச்சு பிளஸ் த்ரீன்னு இழுத்துட்டு போய், 1992ல உற்பத்திய நிறுத்திட்டாங்க.

இந்த மெஷினுக்குன்னே பிரிட்டன்ல மூணு பெரிய பத்திரிகை இருந்துச்சு. 1982ல மெஷினோடவே பொறந்த சின்க்ளேர் யூசர். லட்லோங்கற ஒரு குட்டி ஊர்ல இருந்து 1984 பிப்ரவரில ஆரம்பிச்ச கிராஷ், இது முதல்ல தபால்ல கேம் விக்கறதுக்கான ஒரு விலைப்பட்டியலா இருந்து அப்புறம் பத்திரிகை ஆனது, 1986 வாக்குல லட்சத்துக்கு மேல பிரதி போச்சு. மூணாவது யுவர் சின்க்ளேர், 1984ல யுவர் ஸ்பெக்ட்ரம்னு ஆரம்பிச்சு 1986ல பேர் மாத்தினது. இதுல கிராஷ நடத்தின நியூஸ்ஃபீல்ட் 1991ல திவால், வேற கைக்கு மாறி 1992 ஏப்ரலோட கிராஷ் நின்னு சின்க்ளேர் யூசரோட கலந்துருச்சு. 1993 ஏப்ரல்ல சின்க்ளேர் யூசரும் போச்சு. செப்டம்பர்ல யுவர் சின்க்ளேர். 17 மாசத்துல மூணும் காலி.

ஏன் போச்சுங்கறது முக்கியம், ஏன்னா அதுல ஒரு கோமாளித்தனம் இருக்கு. பத்திரிகை விலைய விட விளம்பரக் காசுதான் பெரிசு, அத குடுத்தது கேம் கம்பெனிங்க. எண்பதுகளோட கடைசில புது கேம் எல்லாம் அமிகா, அடாரி எஸ்டின்னு பெரிய மெஷினுக்கு போயிருச்சு, ஸ்பெக்ட்ரத்துக்கு மிஞ்சினது ரெண்டு மூணு பவுண்டு மலிவு விலை கேம்தான். அந்த நேரம் பாத்து மூணு பத்திரிகையும் போட்டி போட்டுட்டு அட்டையில கேசட் ஒட்டி குடுக்க ஆரம்பிச்சாங்க, முழு கேம், ஒண்ணு ரெண்டு இல்ல, சில மாசம் நாலு அஞ்சு கூட. சந்தோஷம்தான் படிக்கிறவனுக்கு. ஆனா பத்திரிகை கூடவே நாலு கேம் வந்தா கடைல போய் மூணு பவுண்டு குடுத்து யாரு கேம் வாங்குவா? மலிவு விலை கேம் கம்பெனி படுத்துச்சு, அதோட விளம்பரமும் போச்சு, விளம்பரம் போனதும் பக்கம் குறைஞ்சுச்சு. நுனிக்கிளைல உக்காந்து அடிக்கிளைய வெட்டின கதை. அண்ணனோட கட்டுல 1988 இதழையும் 1993 இதழையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு பாத்தேன், பின்னது கல்யாண பத்திரிகை மாதிரி ஒல்லியா இருக்கு.

சரி, வழிகள ஒப்பிடறதுக்கு முன்னாடி ஒரு விஷயத்த தெளிவு பண்ணிக்கணும், இது புரியாமதான் அண்ணனும் நானும் முக்கா மணி நேரம் கத்திட்டிருந்தோம். பத்திரிகை நின்னா என்ன போகுது? வெறும் படிக்கிற சமாச்சாரம்னு நினைச்சா தப்பு. அதுல பின்பக்கம் சின்ன எழுத்துல இருக்கற விளம்பரம் பாருங்க, ஜாய்ஸ்டிக் இன்டர்ஃபேஸ் எங்க கிடைக்கும், உடைஞ்ச கீபோர்டுக்கு உள்ள போடுற பிளாஸ்டிக் தாள் யார் விக்கறா, மெஷின் ரிப்பேர்க்கு எந்த அட்ரஸுக்கு பார்சல் அனுப்பணும், எல்லாம் அங்கதான். அது ஒரு சந்தை. இன்னொண்ணு, பத்திரிகைல விளம்பரம் போட்டிருக்கான்னா ஓரளவு நம்பி செக் அனுப்பலாம்ங்கற தைரியம். அப்புறம் போக், அதாவது கேம்ல உயிர் குறையாம இருக்க மெமரில எந்த இடத்துல என்ன எண்ண மாத்தணும்ங்கற குறிப்பு, அது மாசாமாசம் பக்கம் பக்கமா வரும், மல்டிஃபேஸ்னு ரொமான்டிக் ரோபோ கம்பெனி வித்த ஒரு டப்பா வெச்சிருந்தவங்க அத வெச்சே வாழ்ந்தாங்க. எல்லாத்தையும் விட, வீட்ல உக்காந்து தனியா கேம் எழுதுறவனுக்கு அந்த அரை பக்க விமர்சனம்தான் கடை. அது வந்தாதான் தபால்ல நூறு ஆர்டர் வரும். வரலன்னா அவன் எழுதினது அவனுக்கும் அவன் தம்பிக்கும் மட்டும்தான் தெரியும்.

ஆக நீங்க பத்திரிகைய எதுக்கு வாங்கினீங்களோ அத வெச்சுதான் அடுத்த வழி. இத மனசுல வெச்சுக்கோங்க.

கேம் கன்சோல் வழிய சீக்கிரம் முடிச்சிடறேன். செகா மெகா டிரைவ் பிரிட்டனுக்கு 1990ல, சூப்பர் நின்டென்டோ 1992ல வந்துருச்சு, ரெண்டும் கம்ப்யூட்டர விட மலிவு. கேம் விளையாடறது மட்டும்தான் வேலைன்னா அங்க போறதுதான் அர்த்தமுள்ளது. ஆனா ஒரு கார்ட்ரிட்ஜ் 40 பவுண்டு பக்கம் விக்கும், ஸ்பெக்ட்ரம் பசங்க மூணு பவுண்டு கேசட் வாங்கி பழகினவங்க, அதுவும் பள்ளிக்கூடத்துல ஒருத்தன் வாங்கினா பத்து பேர் டேப் டு டேப் காப்பி அடிச்சு பழகினவங்க. அதோட பெரியப்பா மாதிரி ஆளுங்ககிட்ட "படிப்புக்கு உதவும்"னு சொல்லி வாங்கவே முடியாது. கீபோர்டே இல்லாத டப்பாவ எப்படி படிப்புக்குன்னு சொல்றது.

அடுத்தது சாம் கூப்பே. இது தெரியாதவங்க நிறைய இருப்பீங்க. ஸ்வான்சீ ஊர்ல எம்ஜிடின்னு ஒரு கம்பெனி, ஸ்பெக்ட்ரத்துக்கு டிஸ்க் இன்டர்ஃபேஸ் செஞ்சு நல்ல பேர் வாங்கினவங்க, 1989 டிசம்பர்ல ஸ்பெக்ட்ரத்தோட வாரிசுன்னு ஒரு மெஷின இறக்கினாங்க. அதே இசட்80 குடும்பத்து சிப், ஆனா 6 மெகாஹெர்ட்ஸ், 256கே மெமரி, நிறமெல்லாம் ஒண்ணு மேல ஒண்ணு ஒட்டாத சுத்தமான கிராஃபிக்ஸ், விலை 170 பவுண்டு, 48கே ஸ்பெக்ட்ரம் கேம் பெரும்பாலும் ஓடும். பேப்பர்ல பாத்தா இதுதான் சரியான பதில், கைல இருக்கற கேசட்டும் வீணாகாது, தெரிஞ்ச பேசிக், அசெம்ப்ளிங்கற புரோகிராம் மொழிங்களும் வீணாகாது. பிரச்சனை என்னன்னா 128கே மெமரி கேக்குற கேம் ஓடாது, அண்ணன் மாதிரி 128கே பிளஸ் டூ வெச்சிருந்தவங்களுக்கு அது பின்னாடி போற மாதிரி. டிஸ்க் டிரைவ் தனி காசு. எல்லாத்துக்கும் மேல கம்பெனி 1990லயே திவால், மறுபடி வேற பேர்ல எழுந்து 1992 ஜூலைல அதுவும் மூடிட்டாங்க. மொத்தம் வித்ததே 12,000 பக்கம்தான்னு சொல்வாங்க. 1993ல ஸ்பெக்ட்ரம் பத்திரிகை நின்னு போச்சேன்னு சாம் வாங்குறது, காவேரில தண்ணி இல்லன்னு பாலாத்துக்கு போற மாதிரி.

ஆனா சாம்காரங்ககிட்ட ஒரு பாடம் இருக்கு. அந்த மெஷினுக்குன்னு கடைல விக்குற பெரிய பத்திரிகை எதுவும் இல்லாததால, ஸ்காட்லாந்துல இருந்து ஃப்ரெட்னு ஒரு டிஸ்க் பத்திரிகை 1990லயே ஆரம்பிச்சுட்டாங்க. மாசாமாசம் ஒரு டிஸ்க் தபால்ல வரும், அதுல கட்டுரை, டெமோ, கேம், வாசகர் கடிதம் எல்லாம். அச்சு கிடையாது, விளம்பரக் காசு கிடையாது, சில நூறு பேர் இருந்தாலே ஓடும். இத பின்னாடி மறுபடி தொடறேன்.

இப்ப அமிகா. அண்ணன் பக்கத்து நியாயத்த முழுசா சொல்லிடறேன். 1992 அக்டோபர்ல அமிகா 1200 வந்தப்ப 399 பவுண்டு. கீபோர்டு உண்டு, டிவில சொருகலாம், டிஸ்க் டிரைவ் உள்ளயே, டீலக்ஸ் பெயின்ட்ல படம் வரையலாம், பாட்டு கட்டலாம், கட்டுரை டைப் அடிக்கலாம், ஆக பெரியப்பாகிட்ட சொல்றதுக்கு காரணமும் ரெடி. முக்கியமா பத்திரிகை. அமிகா ஃபார்மட், சியூ அமிகா, அமிகா பவர்னு கடை அலமாரில வரிசையா தடி தடியா நிக்கும், டிஸ்க் ஒட்டி வரும். இதுல அமிகா பவர் யுவர் சின்க்ளேர வெளியிட்ட அதே பாத் ஊர் கம்பெனியோடது, யுவர் சின்க்ளேர்ல எழுதின ஆளுங்களே நிறைய பேர் அங்க போய்ட்டாங்க. அதே கிண்டல், அதே நக்கல். அண்ணன் சொல்றது என்னன்னா, நான் மெஷின மாத்தல, எழுத்தாளருங்க பின்னாடி போனேன்னு. யோசிச்சு பாத்தா அதுல நியாயம் இருக்கு, தமிழ்ல கூட ஒரு வார இதழ்ல இருந்து ஆசிரியர் வெளிய போனா வாசகரும் கூட போறது உண்டுதானே.

ஆனா தேதிய பாருங்க. அண்ணன் அமிகா வாங்கினது 1993 கிறிஸ்துமஸுக்கு. 1994 ஏப்ரல் 29ல கொமோடோர் கம்பெனி கலைஞ்சு போச்சு. முழுசா நாலு மாசம்தான். அடுத்த ஒரு வருஷம் அமிகா யாருக்கு சொந்தம்னே தெரியல, 1995ல எஸ்காம்னு ஒரு ஜெர்மன் கம்பெனி வாங்கி அதுவும் 1996ல திவால். பத்திரிகையெல்லாம் ஒண்ணொண்ணா ஒல்லியாகி, அமிகா பவர் 1996 செப்டம்பர்ல கடைசி, சியூ அமிகா 1998ல, அமிகா ஃபார்மட் 2000 வரைக்கும் மூச்ச பிடிச்சுது. அதாவது பத்திரிகைக்காக மெஷின் மாத்தினவர், மூணு வருஷம் கழிச்சு அதே செப்டம்பர்ல, அதே மாதிரி ஒரு கடைசி இதழ கைல வெச்சுட்டு உக்காந்திருந்தாரு. இத சொன்னப்பதான் அண்ணன் ஃபோன்ல கொஞ்ச நேரம் பேசாம இருந்தாரு. அப்புறம் "அந்த மூணு வருஷம் நல்லா இருந்துச்சுடா"ன்னாரு. அதுக்கு என்கிட்ட பதில் இல்ல. கேம் விளையாடற பதினாலு வயசு பையனுக்கு மூணு வருஷம்ங்கறது ஒரு யுகம். மெஷின் சாகப்போகுதுன்னு முன்னாடியே தெரிஞ்சிருந்தாலும் வாங்கியிருக்கலாம்தான். நான் ஒத்துக்கறது இந்த அளவுக்கு மட்டும்.

பிசி வழி வேற மாதிரி. 1993ல 486 சிப் வெச்ச ஒரு உருப்படியான பிசி வாங்கணும்னா மானிட்டரோட ஆயிரம் பவுண்டு பக்கம் ஆகும். பெரியப்பா டாக்டர்தான், ஆனா ஊர்ல தங்கச்சி கல்யாணம், வீட்டு லோன்னு அவருக்கும் ஆயிரம் செலவு, ஆயிரத்துக்கு ஆயிரம் சரியா போச்சுன்னு வெச்சுக்கோங்க. வெறும் காசு கணக்குல பாத்தா இதுதான் மோசம். நீண்ட கால கணக்குல பாத்தா இது மட்டும்தான் திவாலாகாத வழி, ஏன்னா பிசிய செய்றது ஒரு கம்பெனி இல்ல, நூறு கம்பெனி, ஒண்ணு மூடினா பக்கத்து கடைல வாங்கிக்கலாம். பத்திரிகையும் அப்படித்தான், நிக்கவே இல்ல.

அதோட இதுல யாரும் எதிர்பாக்காத ஒண்ணு நடந்துச்சு. பிசி வாங்கி ஸ்பெக்ட்ரத்த கைகழுவினவங்களுக்குத்தான் ஸ்பெக்ட்ரம் திரும்ப கிடைச்சுது. அந்த காலத்துலயே நெதர்லாந்துல கெர்டன் லுன்டர்னு ஒருத்தர் இசட்80ங்கற பேர்ல டாஸ்ல ஓடுற எமுலேட்டர், அதாவது பிசிய ஸ்பெக்ட்ரம் மாதிரி நடிக்க வைக்கற புரோகிராம், எழுதி ஷேர்வேரா, அதாவது முதல்ல சும்மா பயன்படுத்தி பாத்துட்டு பிடிச்சா காசு அனுப்பற மாதிரி, விட்டிருந்தாரு, நார்வேல இருந்து ஜேபிபின்னு இன்னொண்ணு. நல்ல 486 இருந்தா அசல் மெஷின் வேகத்துல ஓடும், டேப் எரர் கிடையாது, விளையாடிட்டு இருக்கற இடத்துலயே உறைய வெச்சு சேவ் பண்ணிக்கலாம். அப்புறம் இணையம் வந்ததும் கேசட்டெல்லாம் ஃபைலா மாறி, பழைய பத்திரிகையெல்லாம் ஸ்கேன் ஆகி வெளிய வந்துச்சு. 1999ல ஆம்ஸ்ட்ராட்டே ஸ்பெக்ட்ரத்தோட ரோம்-அ (மெஷினுக்குள்ள நிரந்தரமா பதிஞ்ச புரோகிராம்) எமுலேட்டரோட சேத்து இலவசமா பகிர்ந்துக்கலாம், காப்புரிமை மட்டும் எங்களோடதுதான்னு அனுமதி குடுத்துட்டாங்க. ஆனா கவனிங்க, இது 1993 செப்டம்பர்ல கடைல நிக்கற ஒருத்தருக்கு தெரியறதுக்கு வாய்ப்பே இல்லாத விஷயம். பின்னாடி நடந்தத வெச்சு முடிவுக்கு மார்க் போடக்கூடாதுன்னு அண்ணன் சொல்றாரு, அமிகா விஷயத்துல நான் அததானே செஞ்சேன்னு வேற மடக்கறாரு. சரி, அந்த ஒரு பாயின்ட் அவருக்கு.

இப்ப என்னோட கட்சிக்கு வரேன். மெஷின மாத்தாம அங்கயே இருக்கறது.

இத சும்மா பிடிவாதம்னு நினைக்காதீங்க. அந்த கூப்பன் எதுக்குன்னு பாத்தீங்கள்ல, ஃபார்மட். இது 1987ல இருந்து குளாஸ்டர்ல இருந்து வந்த சின்ன சைஸ் மாசப் பத்திரிகை, ஆரம்பத்துல டிசிப்பிள்ங்கற டிஸ்க் இன்டர்ஃபேஸ் வெச்சிருந்தவங்களுக்கான யூசர் குரூப்போட இதழ், அப்புறம் ஸ்பெக்ட்ரம், சாம் ரெண்டுக்கும். கடைல கிடைக்காது, சந்தா மட்டும்தான். கடைசி இதழ் போட்டுட்டு யுவர் சின்க்ளேர் போன பிறகும் இது சில வருஷம் ஓடுச்சு. எப்படி? கேம் கம்பெனி விளம்பரத்த நம்பல. நாப்பதாயிரம் பிரதி அச்சடிச்சு பாதிய திரும்ப வாங்குற கடை வியாபாரம் இல்ல. எத்தன பேர் காசு கட்டினாங்களோ அத்தன பிரதி. அடாரி 8-பிட் மெஷின்காரங்களுக்கும் இதே கதைதான் நடந்துச்சு, அமெரிக்கால அவங்க பெரிய பத்திரிகைங்க அனலாக் 1989 டிசம்பர்லயும், ஆன்டிக் 1990லயும் நின்னு போச்சு, ஆனா பிரிட்டன்ல ஸ்டாஃபோர்ட்ல இருந்து வந்த பேஜ் 6 கடை அலமாரிய விட்டுட்டு சந்தாவுக்கு மாறி 1998 வரைக்கும் தாக்குப்பிடிச்சுது. பெரிசு விழுந்துச்சு, சிறிசு நின்னுச்சு.

ஃபார்மட் மட்டும் இல்ல. அவுட்லெட்னு ஒரு மின்பத்திரிகை, டிஸ்க்கோ, மைக்ரோடிரைவ்ங்கற குட்டி டேப் கார்ட்ரிட்ஜோ, உங்ககிட்ட என்ன இருக்கோ அதுல வரும். ரசிகர்களே எழுதி, ஜெராக்ஸ் எடுத்து ஸ்டேப்ளர் அடிச்ச ஃபேன்சைன்கள் இருந்துச்சு, ஒரு இதழுக்கு ஒரு பவுண்டு அனுப்புங்க, கூடவே சுயவிலாசமிட்ட ஸ்டாம்ப் ஒட்டின கவர் வைங்கன்னு போட்டிருப்பாங்க. நம்ம ஊர்ல வார இதழுக்கு கதை அனுப்பி அந்த கவர் திரும்பி வந்ததுன்னா என்னன்னு தெரிஞ்சவங்களுக்கு இதோட உணர்ச்சி புரியும், ஒரே வித்தியாசம், ஃபேன்சைன்ல கவர் திரும்பி வந்தா சந்தோஷம்.

இந்த வழில இருக்கணும்னா ஒரே ஒரு செலவு அவசியம்னு நான் சொல்வேன், அது டிஸ்க். கேசட்லயே தொங்கிட்டிருந்தா சோர்ந்து போயிடுவீங்க, ஹெட் அலைன்மென்ட் மாறி ஸ்க்ரூடிரைவர வெச்சுட்டு காத குடுத்து கேட்டுட்டு உக்காந்திருக்கணும். பிளஸ் டின்னு எம்ஜிடி செஞ்ச இன்டர்ஃபேஸ், கம்பெனி போன பிறகும் விற்பனைல இருந்துச்சு. சாதாரண 3.5 இன்ச் டிஸ்க் போடலாம், ஒரு டிஸ்க்ல 780கே, அதாவது 48கே கேம் பதினாறு. அதுல ஒரு பட்டன் இருக்கும், கேம் ஓடிட்டு இருக்கறப்ப அத அழுத்தினா மொத்த மெமரியும் அப்படியே டிஸ்க்ல இறங்கிடும், அடுத்த தடவை சில நொடில ஏறிடும். முப்பது கேசட்ட ஒரு மழை ஞாயித்துக்கிழமைல ரெண்டு டிஸ்க்ல அடக்கிடலாம். ஒரு எச்சரிக்கை, அண்ணன்கிட்ட இருந்த மாதிரி சாம்பல் கலர் பிளஸ் டூவா இருந்தா பிரச்சனை இல்ல, கறுப்பு கலர் பிளஸ் டூ ஏ, பிளஸ் த்ரீயா இருந்தா பின்பக்க கனெக்டர்ல சில லைன மாத்திட்டாங்க, பழைய இன்டர்ஃபேஸ் நேரா வேலை செய்யாது, நடுவுல ஒரு அடாப்டர் வேணும். பிளஸ் த்ரீல வர்ற 3 இன்ச் டிஸ்க் வேற விலை ஜாஸ்தி, கிடைக்கறதும் கஷ்டம். இந்த மாதிரி விஷயத்ததான் கடைசி வருஷ பெரிய பத்திரிகைல ரெண்டு வரில முடிச்சிருவாங்க, சின்ன இதழ்ல நாலு பக்கம் எழுதுவாங்க, அடுத்த மாசம் ஒருத்தர் அதுல தப்பு கண்டுபிடிச்சு இன்னும் ரெண்டு பக்கம் எழுதுவாரு.

இதோட குறையையும் சொல்லணும்ல. புது கேம் கிட்டத்தட்ட இல்ல. வர்றதும் வீட்ல எழுதினது, சிலது நல்லா இருக்கும் சிலது கொடுமை. நகைச்சுவை போச்சு, யூசர் குரூப் இதழ்ல எழுதறவங்க பாதி பேர் ரிட்டயர்டு எஞ்சினியர் மாதிரி எழுதுவாங்க, யுவர் சின்க்ளேர் குடுத்த அந்த கும்மாளம் கிடைக்கவே கிடைக்காது. பள்ளிக்கூடத்துல பேச ஆள் இல்ல. இது சாதாரண விஷயம் இல்ல, பதினாலு வயசுல நம்ம கிட்ட இருக்கறது யார்கிட்டயும் இல்லன்னா அது பெருமை கிடையாது, தனிமைதான். அண்ணன் இத சொன்னப்ப எனக்கே சுருக்குன்னு இருந்துச்சு.

ஆனா அதே நேரத்துல வேற இடத்துல என்ன நடந்துச்சுன்னு பாருங்க. ஸ்பெயின்ல மைக்ரோஹாபின்னு ஒரு பெரிய ஸ்பெக்ட்ரம் பத்திரிகை, அது பிரிட்டனுக்கும் முன்னாடி 1992 ஜனவரிலயே நின்னு போச்சு. ரஷ்யால தலைகீழ். அங்க ஸ்பெக்ட்ரம் அசல் வந்ததே குறைவு, ஆளாளுக்கு பென்டகன், ஸ்கார்பியன்னு நகல் மெஷின் செஞ்சுட்டாங்க, சோவியத் உடைஞ்ச நேரம் அங்க சாதாரண குடும்பத்துக்கு கட்டுப்படியானது அதுதான். மாஸ்கோல இருந்து இசட்எக்ஸ் ரெவ்யூன்னு அச்சுப் பத்திரிகை 1991ல ஆரம்பிச்சு 1997 வரைக்கும் வந்துச்சு. ஸ்பெக்ட்ரோஃபோன், இசட்எக்ஸ் ஃபார்மட்னு டிஸ்க் பத்திரிகைங்க, மெஷின ஆன் பண்ணினா பாட்டோட பக்கம் பக்கமா படிக்கற மாதிரி, 1993க்கு அப்புறம்தான் களை கட்டுச்சு. ஒரே மெஷின், ஒரு நாட்டுல பத்திரிகை செத்த அதே சமயம் இன்னொரு நாட்டுல பொறக்குது. பிரிட்டிஷ் ஆளுக்கு அது உதவியிருக்காது, ரஷ்ய எழுத்து தெரிஞ்சிருக்கணும், டிஸ்க் ஃபார்மட்டும் வேற. ஆனா "மெஷின் செத்துருச்சு, அதனாலதான் பத்திரிகை செத்துச்சு"ன்னு அண்ணன் சொல்றது தப்புங்கறதுக்கு இது போதும். செத்தது கடை அலமாரி வியாபாரம்.

இந்தியாலயும் ஸ்பெக்ட்ரம் இருந்துச்சுங்கறத இங்க சொல்லாம போக முடியாது. டெசிபெல்ஸ் எலக்ட்ரானிக்ஸ்னு ஒரு கம்பெனி லைசென்ஸ் வாங்கி டிபி ஸ்பெக்ட்ரம் பிளஸ்னு 1986 வாக்குல வித்தாங்க, 1990 பக்கம் அந்த மார்க்கெட் அடங்கிடுச்சு. அவங்களுக்கெல்லாம் லண்டன்ல இருந்து வர்ற சொந்தக்காரர் பெட்டில வந்தாதான் பத்திரிகை. பத்திரிகை நின்னு போச்சேங்கற கவலையே அவங்களுக்கு வந்திருக்காது.

சரி, யாருக்கு எது? கேமுக்காக மட்டும் வாங்கினவர்னா கன்சோலோ அமிகாவோ, எதுல நண்பர்கள் இருக்காங்களோ அது. கைல ஆயிரம் பவுண்டு இருந்து அடுத்த பத்து வருஷத்த யோசிக்கறவர்னா பிசி, மறுபேச்சு இல்ல. சாம் கூப்பே, செகண்ட் ஹேண்ட்ல டிரைவோட ரொம்ப சல்லிசா கிடைச்சு, நீங்க இசட்80 அசெம்ப்ளி எழுதறவரா இருந்தா மட்டும். புரோகிராம் எழுதறவரு, சால்டரிங் அயர்ன் பிடிக்கறவரு, போக் தேடறவரு, இவங்க யாரும் இருந்த இடத்த விட்டு நகர்ந்திருக்கவே வேணாம், ஒரு பிளஸ் டியும் ஃபார்மட் சந்தாவும் போட்டிருந்தா அமிகாவோட விலைல ஒரு சின்ன பங்குல நாலஞ்சு வருஷம் நிம்மதியா ஓட்டியிருக்கலாம், அதுக்கப்புறம் பிசி விலை இறங்கினதும் நேரா அங்க குதிச்சிருக்கலாம், நடுவுல அமிகாங்கற ஸ்டேஷன்ல இறங்காமலே.

அண்ணன் இதுல எந்த ஆளுங்கறதுதான் சிக்கல். கேம் பையன்தான்னு அவர் சொல்றாரு. ஆனா பெட்டில கேசட்டுங்களுக்கு கீழ ஒரு நாப்பது பக்கம் நோட்டு இருந்துச்சு, முழுக்க கிராஃப் பேப்பர்ல எட்டுக்கு எட்டு கட்டத்துல பென்சில்ல வரைஞ்ச உருவங்க, பக்கத்துல பைனரி எண்ணு, சில பக்கத்துல அசெம்ப்ளி. ஒரு ஆட்டோ, அதாவது நம்ம ஊர் ஆட்டோரிக்‌ஷா, நாலு ஃபிரேம்ல ஓடுது. கடைசி தேதி 1993 ஜூலை. கேம் மட்டும் விளையாடற பையன் இத செய்ய மாட்டான். இவருக்கு வேண்டியிருந்தது அமிகா பவர் இல்ல, இத எழுதி முடிச்சா யாராவது அரை பக்கம் விமர்சனம் போடுவாங்கங்கற ஒரு இடம். அந்த இடத்தோட அட்ரஸ் கூப்பன்லயே இருந்துச்சு.

ஏன் அத போஸ்ட் பண்ணலன்னு கடைசியா கேட்டேன். செக் வேணும், செக் புக் பெரியப்பாகிட்ட இருக்கு, ஒரே வருஷத்துல ரெண்டு தடவை அவர்கிட்ட கம்ப்யூட்டருக்கு காசு கேக்க முடியாது, அதனால எது பெரிசோ அத கேட்டேன்னாரு.

ஆட்டோ படத்த ஃபோட்டோ எடுத்து அனுப்பியிருக்கேன். நாலாவது ஃபிரேம்ல சக்கரம் தப்பா இருக்கு, ஒரு பிக்சல் தள்ளி வரணும்னு பதில் வந்திருக்கு.